பத்தொன்பது மார்க்

அன்பு மகள் அம்பிகாவுக்கு ஆம்பூரிலிருந்து அம்மா எழுதுவது. இங்கே நானும் உங்கப்பாவும் நலம், அதாவது வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் போக மிச்ச நாளில் அவர் நலம். ஆக்லாந்து குளிரில் நீயும் மாப்பிள்ளையும் காதைக் கட்டிக்கொண்டு சுகமாக இருக்க முருகன் துணை. போனில் சொன்னால் நீ அழுவாய், இவர் பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி திருத்தம் சொல்வார், அதனால்தான் எழுதுகிறேன்.

என் கிட்னி அவருக்கு ஆகுமா என்று டெஸ்ட் எடுத்தார்களே, வெள்ளிக்கிழமை ரிசல்ட் பேப்பர் கொடுத்தார்கள். கொடுக்கிறவரின் வயசு, எடை, பிரஷர், ரத்தம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் போட்டால், வைக்கிற கிட்னி எப்படி உழைக்கும் என்று கணித்து ஒரு நம்பர் சொல்லுமாம். எனக்குப் பத்தொன்பது என்று வட்டம் போட்டிருந்தது. டாக்டர் ஆபரேஷனில் இருக்கிறார், திங்கட்கிழமை வந்தால் விளக்குவார் என்றார்கள். விளக்க என்ன இருக்கிறது, முப்பத்தைந்து எடுத்தால்தானே பாஸ்! பத்தாவதில் கணக்கில் எனக்கு விழுந்ததும் இதே பத்தொன்பதுதான், அந்த எண்ணுக்கும் எனக்கும் என்ன ஜென்மப் பகையோ. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் பஸ்ஸில் பள்ளிகொண்டா தாண்டும் வரை அழுதேன். நான் தேறாவிட்டால் நீ கொடுப்பதாக டிக்கெட் போட்டு வைத்திருக்கிறாயே, அதை நினைத்துத்தான் அந்த அழுகை. இனிமேல்தான் பிள்ளை பெறப்போகிறவள், உன் உடம்பில் கத்தி படுவதைப் பார்க்கவா உன்னைப் பெற்றேன். உங்கப்பாவாவது ஆறுதல் சொன்னாரா? இன்னா தேவகி, இன்னும் பதினாறு மார்க் வந்திருந்தா தேறியிருப்பியே என்கிறார்.

பக்கத்து வீட்டு பில்கிஸ் அக்கா, பேஜார் ஆவாதே, பார்லி தண்ணி குடி, மார்க் தன்னால ஏறும் என்றார். இரண்டு நாளும் பார்லியும் வாழைத்தண்டுச் சாறும் குடித்துக் குடித்து நான் வீட்டுக்குள் உட்கார்ந்த நேரத்தைவிட பாத்ரூமில் இருந்த நேரம்தான் ஜாஸ்தி. திங்கட்கிழமை போனதும் டெஸ்டுக்கெல்லாம் ஏற்பாடு செய்கிற ஹுமேரா பெண்ணிடம், மறுபடி எழுத சப்ளிமெண்டரி மாதிரி ஏதாவது உண்டாம்மா என்று கேட்டேன். அவள் சிரித்த சிரிப்பில் டாக்டரே வெளியே வந்துவிட்டார். நம்பர் குறையக் குறைய நல்லதாம்! என் வயசுக்குப் பத்தொன்பது ரொம்ப நல்ல நம்பராம். உடனே உங்கப்பா, அப்போ எத்தினி வருஷம் கேரண்டி சார் என்றார். இது நிறைய பேரை வைத்துப் போட்ட கணிப்புதான், கேரண்டி கிடையாது, மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொள்வது உங்கள் பொறுப்பு என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வெளியே வந்ததும் உங்கப்பாவைப் பிடித்துக்கொண்டேன். முப்பத்தோரு வருஷம் தோல் ஃபேக்டரியில் செலக்‌ஷன் பார்த்த மனுஷன், நல்ல தோலுக்கு ஒன்று, ஓட்டைத் தோலுக்கு நாலு என்று சாக்பீஸில் எழுதியே ரிட்டயர் ஆனவர், நம்பர் கம்மியானால் சரக்கு நல்லது என்று உங்களுக்குமா தெரியாது என்று கேட்டேன். அவர் சட்டைப் பையில் இன்னும் வைத்திருக்கிற சாக்பீஸை எடுத்து, பஸ் ஸ்டாண்டில் அத்தனை பேர் பார்க்க, என் இடது புறங்கையில் ஒன்று என்று எழுதிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் குழம்பில்கூட குறை கண்டுபிடிக்காமல் சாப்பிடாத ஆள் அம்பிகா அவர். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆபரேஷன் அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி. டிக்கெட்டை கேன்சல் பண்ணாதே, கிட்னியை உன்னிடமே வைத்துக்கொண்டு வா, எங்கள் இரண்டு பேருக்கும் கஞ்சி வைக்க ஆள் வேண்டும். வரும்போது ஸ்வெட்டரெல்லாம் தூக்கி வராதே, இங்கே வெயில் கொளுத்துகிறது. நீயும் மாப்பிள்ளையும் பதினாறும் பெற்று நல்லா இருங்கள். ஒன்று மட்டும் மறக்காதே, போனில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டால் உங்கப்பாவை ஒன்றும் கேட்டுவிடாதே. நேற்றிலிருந்து நான் இடது கையை நனைக்கவில்லை, அவர்தான் கழுவுகிறார்.

இப்படிக்கு,
முதல் செலக்‌ஷன் அம்மா,
கோ. தேவகி