மச்சான் சொன்ன ஆமென்

2025 மார்ச் 2, ஞாயிறு

இப்படி ஆகும் என்று போன கிறிஸ்மஸுக்கே நான் சொன்னேன். ஒருத்தரும் காதில் போடவில்லை. இன்றைக்கு மீனம்மா அக்கா ஜெபவீட்டுக்கு வரவில்லை.

அக்கா புருசன் கந்தப்பன் மச்சானுக்கு வாதம் வந்து பேச்சு நின்று இரண்டு வருசம். அதற்கு முந்தி ஜெபவீட்டில் பாட்டு எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். அந்தக் குரலைக் கேட்டு றொசல்ல ஸ்டேசனில் ரயில் பத்து நிமிசம் புறப்படாமல் நின்றது. நானே அதில் இருந்தேன். அக்கா வெள்ளிக்கு வெள்ளி உபவாசம் இருந்து ஜெபிக்கிறாள். மச்சானிடம் "ம்" தவிர ஒன்றும் வரவில்லை.

சாயந்திரம் போய் அக்காவிடம் கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமையானா ஆளாளுக்கு எந்திரிச்சு சாட்சி சொல்றீங்க. கேட்டேன், கெடைச்சிச்சுன்னு. நான் எதைடா சொல்ல? இனி வரல."

நான் வாரம் தவறாமல் சாட்சி சொல்கிறவன். இன்றைக்குக்கூட, நான் ஜெபித்ததும் ஏழாம் நம்பர் தேயிலை மலையில் சிறுத்தை முழங்கால் போட்டதைச் சொன்னேன். பாஸ்டர் கண்ணைத் துடைத்தார். சளி என்கிறார்கள்.

மார்ச் 4

அக்காவிடம் என் கனவைச் சொன்னேன். ஆண்டவர் வெள்ளை உடுப்பில் வந்து, "ஈஸ்டருக்கு உன் மச்சான் வாய் திறப்பான்" என்றார். அக்கா தேத்தண்ணி ஊற்றித் தந்தாள்.

மார்ச் 9

அக்கா வந்தாள். சொன்னேனா இல்லையா?

மார்ச் 21

கடைக்கார அண்ணன் சரிபுதீன் நானா கேட்கிறார்: "போன கிழமை உங்க கனவுல ஆண்டவர் மட்டுந்தானே வந்தாரு? இன்னிக்கு ரெண்டு தேவதூதரும் கூட வர்றாங்களே?"

"போகப்போகத்தான் ஞாபகம் வருது நானா."

"அப்ப ஈஸ்டருக்குள்ள ஒரு பஸ் நெறையும்."

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

இன்னும் "ம்" மட்டுந்தான். நான் எதுக்கு நாள் குறிச்சேன்? ஏதோ ஒரு நாள்னு சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? ஈஸ்டர் முடிஞ்சதும் அக்கா ஒரேயடியா நின்னுட்டா — அந்தப் பாவம் யார் தலையில?

வழியில் அக்காவே நிறுத்தினாள். "கனவு கண்ட அன்னிக்கு உன் குறட்டை நாலு காம்பரா வீடு தாண்டிக் கேட்டுச்சு. அதுக்குள்ள ஆண்டவர் பேசினது உனக்கு எப்படிடா கேட்டுச்சு?"

தெரிஞ்சேதான் வந்திருக்கா.

"பின்ன ஏன்க்கா வந்தே?"

"வராட்டி நீ இன்னொரு கனவு காணுவியே." கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "கோவம்னாலும் ஆண்டவர்கிட்டத்தானேடா சொல்லணும்" என்றாள்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

"சாட்சி யாருக்கு இருக்கு?" என்றார் பாஸ்டர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழும்பவில்லை. மச்சான் பக்கத்திலிருந்து அக்கா எழும்பினாள்.

"ரெண்டு வருசமாக் கேட்டேன். கெடைக்கல. இன்னமும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். அவரை விட்டா எனக்குப் போக்கிடம் இல்ல. இதான் என் சாட்சி."

உட்கார்ந்துவிட்டாள். சாட்சி முடிந்தால் எல்லோரும் ஆமென் சொல்வது வழக்கம். கிடைக்காத சாட்சிக்குச் சொல்லலாமா, கூடாதா? ஒருத்தருக்கும் தெரியவில்லை. பாஸ்டரே கூரையைப் பார்த்தார்.

அப்போதுதான் மச்சான் வாய் திறந்தார். "ஆமென்." கூரைத் தகரம் அதிர்ந்தது. றொசல்லயில் ரயில் கட்டாயம் நின்றிருக்கும். நான் சொன்ன அதே நாள்.

ஏப்ரல் 21

நேற்று எழுதியதில் ஒரு விசயம்.

ஆமென் சொன்னது மச்சான் இல்லை. நான்தான். தகரமும் அதிரவில்லை, பக்கத்துல இருந்த அக்காவுக்கே கேட்டுச்சோ என்னவோ. அதுக்குப் பொறகு ஒவ்வொருத்தராச் சொன்னாங்க.

கடைசியா மச்சான் "ம்" என்றார். அதில் நான் ஒன்றும் சேர்க்கவில்லை.