ஸ்டேஷனரிக்கு ஏ போடுவதா, ஈ போடுவதா

பக்கத்து ஜரிகைக் கடையில் இன்று புதுப் போர்டு எழுதுகிறார்கள். பெயிண்ட் வாசனை என் கல்லாவரை வந்ததும் உன் முகம்தான் வந்தது. செத்தவனை மன்னித்துவிட வேண்டும் என்கிறாள் என் மனைவி. என்னால் ஆகவில்லை.

நான் கடை திறந்தபோது, பெயிண்டர் 'ஸ்டேஷனரி' என்று ஆங்கிலத்தில் சாக்பீஸால் எழுதிக் காட்டினார். எனக்குச் சந்தேகம். கான்வென்டில் படித்த சிநேகிதன் நீ என்று உன்னைக் கூப்பிட்டேன். தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "கரெக்டா இருக்குதுபா, எழுதச் சொல்லு" என்றாய்.

கொஞ்ச நாளில் எதிர்ச்சாரியில் நீயே அதே வியாபாரத்தைத் தொடங்கினாய். உன் போர்டில், ஆர் எழுத்துக்கு முன்னால் ஈ. என்னுடையதில் ஏ. அப்போதுகூட எனக்குப் புரியவில்லை. பள்ளிக்கூட நோட்டு ஆர்டருக்காக என் கடைக்கு வந்த தலைமையாசிரியையை வாசலிலேயே மடக்கி, நீதான் விளக்கினாய்.

"ஈ போட்டாத்தான் மேடம் பேப்பர், பேனா. ஏ போட்டா அசையாம நிக்கிறதுன்னு அர்த்தம். இவன் சரக்கும் அப்படியேதான் நிக்குது!"

அந்தம்மா சிரித்துக்கொண்டே உன் கடைக்குள் போனார். தெருவே சிரித்தது. போர்டை மாற்றச் சொன்னாள் மனைவி. மாட்டேன் என்றேன்.

புடவைக்கு டிசைன் போடுகிறவர்களுக்கு வேண்டிய கிராஃப் தாளை எல்லா அளவிலும் வாங்கி அடுக்கினேன். அவர்கள் வந்தார்கள். பிறகு அவர்கள் பிள்ளைகளும் நோட்டுக்கும் பேனாவுக்கும் என்னிடமே வந்தார்கள். ஈயைச் சரியாகப் போட்ட நீ, கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாய்.

ஒருநாள் படியேறி வந்தாய். "ரெண்டு பேரும் கூட்டா நடத்தலாம்பா. இந்த எடத்த உட்டுட்டு என் கடைக்கு வந்துடு."

உன் கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்துவந்து, போர்டைக் காட்டினேன். டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

"நீதானபா அர்த்தம் சொன்ன? அசையாம நிக்கிறது. நிக்கிறேன், போ."

உன் முகம் கறுத்ததை ஆசைதீரப் பார்த்தேன். அந்த ஆடியிலேயே நீ கடையை மூடினாய். அன்று சாயங்காலம் பெயிண்டரை வரச்சொல்லி, ஏயைச் சுரண்டிவிட்டு ஈ எழுதவைத்தேன்.

நீ இறந்ததும் மாலையோடு செவிலிமேட்டில் உன் வீட்டுக்கு வந்தேன். அழவில்லை. உன் மனைவி என்னை நிறுத்தி, "கடைசி வரைக்கும் உங்களப் பத்தியே பேசிக்கினு இருந்தாருண்ணா" என்றாள்.

என்ன பேசினாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் கோபம் தணிந்துவிடும். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது அது ஒன்றுதான்.