பழைய கதவுகளுக்குப் பின்னால் மான் குட்டி

மே 12, திங்கள்
கொல்லையில் ஒரு மான் குட்டி பிறந்து கிடக்கிறது. விற்கச் சாய்த்து வைத்திருக்கும் பழைய கதவுகளுக்குப் பின்னால். மேலெல்லாம் ஈரம், முதுகில் வெள்ளைப் புள்ளி. இருபத்தாறு வருஷமாகப் பழைய மரம் வாங்கி விற்கிறேன். இப்படி ஒரு சரக்கு வந்ததில்லை.

எதையும் தட்டிப் பார்த்தே வாங்கிப் பழகிய கை, நீண்டுவிட்டது. "தொடாதீங்க. கால்நடை டாக்டரைக் கேட்டுட்டேன். தாய் மேயப் போயிருக்கும், பால் குடுக்க வரும்" என்று மனைவி தடுத்தாள்.

பதினாறு படம் எடுத்தேன். எல்லாம் ஒரே இருட்டு. வெளிச்சத்துக்காக, குட்டிக்கு முன்னால் சாய்ந்திருந்த ஒரு கதவை மட்டும் நகர்த்தினேன். பதினேழாவது படம் பிரமாதம். குட்டியின் கண்ணுக்குள் நான்கூடத் தெரிகிறேன்!

மாலை
தாய் வந்தது. வேலியோரம் நின்றது. மறைப்பு விலகிக் கிடந்ததைப் பார்த்துத் திரும்பிப் போய்விட்டது.

"கடைச் சரக்கு மாதிரி வெளிச்சத்துல வெச்சிட்டீங்களே" என்றாள். ஒரு படத்துக்காக நான் ஏன் இப்படி — கதவைப் பழையபடி சாய்த்துவிட்டேன். இனி வருமா?

மே 13
விடியும்போதே வந்துவிட்டது. சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தோம். குட்டி எழுந்தது, கால் மடங்கி விழுந்தது, மறுபடி எழுந்து முட்டி முட்டிக் குடித்தது. கேமரா என் கழுத்தில்தான் தொங்கியது. எடுக்கத் தோன்றவே இல்லை. அவள் தன் போனில் எடுத்திருக்கிறாள். லேசாக ஆடிய படம். என் பதினேழும் அதன் கால்தூசி பெறாது.

மே 14
அடப்பாவி, நாளைக்கு லாரி. அந்தப் பன்னிரண்டு கதவும் ஹோட்டல் கட்டுகிறவருக்குப் பேசி முடித்தவை. தேதி தப்பினால் வேறு கடைக்குப் போய்விடுவார். கதவை எடுத்தால் தாய் வராது.

மே 15
லாரி கிளம்புமுன் போன் போட்டு, சாக்குச் சொல்லாமல் உள்ளதைச் சொன்னேன். ஹோட்டல்காரர் சிரித்தார். "அண்ணே, விலையை ஏத்த மானையே கூட்டிட்டு வந்த ஆள் நீங்கதான்."

மனைவி எடுத்த படத்தை அனுப்பினேன். கால்மணி நேரத்தில் அவரே கூப்பிட்டார்.

பேசி முடித்தது: விலை பழைய விலைதான். குட்டி தானாகத் தாயோடு கிளம்பிய மறுநாள் லாரி வரும். ஹோட்டல் வரவேற்பறைக்கு அந்தப் படத்தைப் பெரிதாக்கித் தர வேண்டும். தேக்குச் சட்டம் என் செலவு. படத்தின் கீழே என் மனைவி பெயர் இருக்கும்.