இரைச்சலோட போன குரல்

ஐப்பசி 11, செவ்வாய்க்கிழமை

இன்னும் கோபம் அடங்கல. செத்துப்போன என் வீட்டுக்காரர் குரல் போன்ல ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. பின்னாடி மோட்டார் இரைச்சல். நாளைக்குக் காரியத்துல எல்லாரும் கேக்கணும்னு வேங்கிக்கால் ரெக்கார்டிங் கடைக்கு எடுத்துட்டுப் போனேன்.

கடைக்காரர் சரிபண்ணிப் போட்டுக் காட்டினாரு. தகர டப்பாக்குள்ள யாரோ பேசற மாதிரி இருந்துச்சு. "இது அவர் இல்லைங்க"ன்னேன்.

"இரைச்சல் போச்சு இல்லம்மா? குரலும் கொஞ்சம் போவத்தான் செய்யும்"னு சிரிக்கிறாரு.

பதினெட்டு வருஷம் அவரோட மைக்செட் தூக்கினவ நான். எனக்கே கதை சொல்றாரு. ஒரு சத்தத்தைக் குறைச்சா அதை ஒட்டின சுருதிச் சத்தமும் எவ்ளோ சேர்ந்து குறையணும்னு வைக்கத் தனியா ஒரு திருகு இருக்கு. அகலமா வெச்சா இரைச்சலோட அவர் நெஞ்சுக் குரலும் போயிடும்.

"அகலத்தைக் கம்மி பண்ணுங்க. இரைச்சல் இருக்கற இடம் மட்டும் குறையட்டும்"னேன்.

"அம்மா எனக்கே பாடம் எடுக்கறாங்களே"ன்னாரு. ஆனா திருகைத் திருப்பினாரு.

கனமா அவர் குரல் வந்துச்சு. ஓரத்துல கொஞ்சம் இரைச்சல் மிச்சம். இருக்கட்டும்.

"சாப்டியா"ன்னு என் வீட்டுக்காரர் கேட்டாரு. என்னை அறியாம "இன்னும் இல்லைங்க"ன்னேன்.

அதுக்கப்புறம் கடைக்காரர் சிரிக்கல.