நோயாளிகளுக்கான மன்றாட்டில் உங்கள் பெயர்

ஓலைத்தொடுவாய்

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

லண்டனிலிருந்து நீங்கள் அனுப்பிய படம் கிடைத்தது. கண்ணுக்குக் கீழே தொங்கியதை வெட்டி, கன்னத்தை இழுத்துத் தைத்ததில் பத்து வயது குறைந்துவிட்டதாம். எனக்கென்னவோ கரையில் ஒதுங்கி ஊதிப்போன பேத்தை மீனைப் பார்த்தது போலத்தான் இருந்தது.

பக்கத்து வீட்டு அஞ்சலா அக்காவிடம் காட்டினேன். "ஐயோ, பாரிசவாதமே? வாயும் ஒரு பக்கம் இழுத்துப்போட்டுது!" என்று அழுதவர், என்னிடம் ஒரு சொல் கேட்காமல் பாதரிடம் பெயர் கொடுத்துவிட்டார். ஞாயிறு பூசையில் நோயாளிகளுக்கான மன்றாட்டில் உங்களை வாசித்தார்கள். கோயிலே உங்களுக்காக மன்றாடியது. நானும் வாய்விட்டு மன்றாடினேன்.

"நீரும் கொழும்புக்குப் போய் நெத்திச் சுருக்கத்தை எடுப்பியும், காசு அனுப்புறன்" என்கிறீர்கள். நாள் முழுக்க என் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருப்பவை நான் காயப்போடும் கருவாடுகள். அவை இன்னும் முறைப்பாடு செய்யவில்லை.

ஐம்பத்தெட்டு வயதில் உங்களுக்கு இந்தப் புது முகம் யாருக்காக என்று நான் கேட்கப்போவதில்லை. படத்தில் உங்களுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி இருந்தது. உங்களைப் படமெடுத்த போனைப் பிடித்திருந்த கையின் சிவப்பு நகங்கள் அதில் வடிவாகத் தெரிந்தன. உங்கள் போன் அந்தக் கையில் இருப்பதால்தான் போனில் எழுதாமல் தபாலில் எழுதுகிறேன்.

நேற்று அஞ்சலா அக்கா வந்து, "இப்ப சுகமே? மன்றாட்டிலயிருந்து பெயரை எடுக்கச் சொல்லட்டே?" என்று கேட்டார்.

"எடுக்கச் சொல்லுங்கோ அக்கா," என்றேன். "எடுத்து, செத்தவைக்கான மன்றாட்டில சேர்க்கச் சொல்லுங்கோ."

இப்படிக்கு,
பிள்ளைகளின் அம்மா