சனிக்கிழமை காய்ச்சிய மேப்பிள் பாணி

விட்பி
சித்திரை, 1997

அன்பு மகன் மிதுனனுக்கு அம்மா எழுதிக்கொள்வது,

நான் நல்ல சுகமாக இருக்கிறேன். நீயும் மருமகள் அட்சயாவும் கல்கரியில் அதேபோலச் சுகமாக இருக்க நல்லூர்க் கந்தன் துணை நிற்பான். நல்ல சுகம் என்று வழக்கத்துக்காக எழுதவில்லை, உண்மையாகவே நல்ல சுகம். ஏனென்றால் பக்கத்து வீட்டுச் சிவபாதம் அண்ணை இதற்குள் உனக்குப் போன் எடுத்து, அம்மாவுக்கு மண்டை பிசகிப் போச்சு, வீடு பார்க்க வந்த சனத்தைக் கலைச்சுப் போட்டா என்று சொல்லியிருப்பார். கலைத்தது உண்மை. மண்டை நன்றாகத்தான் இருக்கிறது. போனில் நான் ஒன்று சொல்லத் தொடங்கினால் நீ, அம்மா முதல்ல நான் சொல்லுறதைக் கேளுங்கோ என்று தொடங்கிவிடுவாய், பிறகு என் வாயில் ஓம் ஓம் என்பதைத் தவிர வேறொன்றும் வராது. கடிதத்துக்குள் நீ குறுக்கே கதைக்க ஏலாது. ஆறுதலாக இருந்து வாசி.

போன மாரிக்கு முன்னம் அப்பா நம்முடைய பின்வளவு மேப்பிள் மரத்தின் இனிப்புத் தண்ணீரைப் பிடிக்கவென்று இரண்டு தகர வாளியும் மரத்தில் அடிக்கிற குழாயும் வாங்கிவந்து கராஜுக்குள் வைத்தது உனக்குத் தெரியாது. பனி கரையட்டும் ராணி, கடைப் பாணி வேண்டாம், மரத்துத் தண்ணியைத் தேன் மாதிரி நாங்களே காய்ச்சுவம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். தையில் அவர் போய்விட்டார். பனி கரையத் தொடங்கிய நேரம் நான் கட்டிலை விட்டு எழும்பவில்லை. பங்குனி முடிகிற நேரம் ஒரு நாள் குப்பை வைக்கக் கராஜுக்குள் போனபோதுதான் அந்த வாளிகளைக் கண்டேன். எனக்கு அழுகை வரவில்லை மகன், கோபம்தான் வந்தது. ஆசையாக வாங்கி வைத்துவிட்டு இப்படியா ஒரு மனிசன் போவார்! அவருடைய துளை போடுகிற மெஷினை எடுத்து நானே மரத்தில் துளை போட்டுக் குழாயை அடித்து வாளியைக் கொழுவினேன். வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்ற சிவபாதம் அண்ணை, தங்கச்சி, உது காலம் பிந்திப் போச்சு, மரம் மொட்டு வைக்கத் தொடங்கிட்டுது, இனி வாற தண்ணி சரிவராது என்றார். அவருடைய மனுசி வந்து, வருசம் திரும்பி ஆட்டைத் திவசம் முடிய முன்னம் செத்த வீட்டிலை இனிப்புக் காய்ச்சுறதோ, சனம் என்ன கதைக்கும் என்றா. நான் ஒன்றும் பலகாரம் சுட்டுக் கொண்டாடவில்லை, அவர் வாங்கிவைத்த வாளியை நிரப்புகிறேன், கதைக்கிற சனம் கதைக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

முதல் தடவை நான் விட்ட பிழையைக் கேட்டால் நீ சிரிப்பாய். வெயில் ஏறிவிட்டது, மரத்துத் தண்ணீர் புளித்துவிடுமே என்று பயந்து, பனையில் கருப்பணி இறக்குகிறவர்கள் முட்டிக்குள் சுண்ணாம்பு பூசுவதுபோல, வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்பை வாளிக்குள் தாராளமாகப் பூசிவிட்டேன். பனைக்குச் சரியென்றால் மேப்பிளுக்கும் சரிதானே என்ற நினைப்பு. பகல் முழுக்கக் காய்ச்சி வாயில் வைத்தால் உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரம்! துப்பிவிட்டு முழுவதையும் சிங்குக்குள் ஊற்றினேன். அதோடு விடுவேனா? வாளியை நன்றாக உரஞ்சிக் கழுவினேன், இனிச் சுண்ணாம்பும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம், மரம் தந்ததைத் தந்த அன்றைக்கே காய்ச்சி முடிப்பது என்று முடிவெடுத்தேன்.

அப்படித்தான் அந்தச் சனிக்கிழமை காலையிலேயே பெரிய பானையை அடுப்பில் ஏற்றினேன். ஆவி பறந்து குசினி யன்னலெல்லாம் வேர்த்து வழிகிற நேரம் பெல் அடித்தது. திறந்தால் வீடு விற்கிற ஏஜென்ட் ஜனார்த்தன், கழுத்தில் ரையும் கையில் பைலுமாக, பின்னால் ஒரு புருசனும் பெண்சாதியும். நீ கல்கரியிலிருந்து போனில் ஒழுங்குபடுத்தினாயாம். ஆள் வருகிறதென்று எனக்கு ஒரு சொல் சொல்லவில்லை! அன்ரி, அடுப்பை நிப்பாட்டிப்போட்டு ஒரு மணித்தியாலம் வெளியிலை நில்லுங்கோ, ஆக்கள் வீடு பார்க்கட்டும் என்றான். தம்பி, இப்ப நிப்பாட்டினால் தண்ணி பழுதாப் போயிடும், நான் நிப்பாட்ட மாட்டன், வெளியிலையும் போகமாட்டன், வீடு என்ரை பேரிலை இருக்கு, நான் விக்கேல்லை என்றேன். அவன் பல்லைக் காட்டிக்கொண்டே அவர்களைக் குசினிக்குள் கூட்டிவந்தான். ஆவியில் ஊறிப்போன சுவர்க் கடதாசி, நீ விற்கும்வரை பத்திரமாகப் பார்க்கச் சொன்ன அதே பூப்போட்ட கடதாசி, மேல் மூலையில் கழன்று சரசரவென்று இறங்கி அந்தப் பெண்ணின் தலையை மூடியது. அதோடு புகை மணியும் கத்தத் தொடங்கியது. வந்தவர்கள் சப்பாத்தை ஒழுங்காகப் போடாமலே காருக்கு ஓடினார்கள். ஐயோ அன்ரி, உந்தச் சுவரோடை இந்த வீட்டை ஆர் வாங்குவினம் என்று ஜனார்த்தன் தலையில் கைவைத்தான். ஒருத்தரும் வாங்கத் தேவையில்லை, நான் இருக்கிறன் என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். அப்பா போனபிறகு அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தேன் மகன். சிரித்துக்கொண்டே கொஞ்சம் அழுதேன், அதையும் மறைக்கவில்லை.

பாணி பின்னேரம்தான் பதத்துக்கு வந்தது. அவ்வளவு தண்ணீரும் வற்றி ஒரு சுண்டு, சின்னப் பேணி அளவுதான் தேறியிருக்கும். கடைப் பாணி மாதிரிப் பொன்னிறம் இல்லை, நல்ல கறுப்பு, அடிநாக்கில் ஒரு கசப்பும் நிற்கிறது. சிவபாதம் அண்ணை சொன்னதில் பிழையில்லை. ஆனால் இனிப்புக்குக் குறைவில்லை. அப்பாவின் படத்துக்கு முன்னால் ஒரு கிண்ணத்தில் வைத்துவிட்டு, மிச்சத்தைத் தோசைக்கு விட்டுச் சாப்பிட்டேன், அன்று வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

நீ பாசத்தால்தான் செய்தாய், எனக்கு விளங்குகிறது. பனி யார் வழிப்பது, விழுந்து கிடந்தால் யார் தூக்குவது என்று கேட்பாய். எனக்கும் பயம் இருக்கிறது, இருட்டினால் இந்த வீடு சும்மாவே பெரிதாகிவிடும். ஆனால் என் பயத்துக்கு மருந்து நீ எனக்கென்று ஒதுக்கிய உன் வீட்டு பேஸ்மென்ட் இல்லை. அட்சயா தங்கமான பிள்ளை, என்னை ஒரு தேத்தண்ணி போடவும் விடமாட்டாள், அதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிய பயம். இங்கே அடுப்பு என் அடுப்பு, உரிந்தாலும் என் சுவர். விற்க என் கையெழுத்து வேண்டும், அது உனக்குக் கிடைக்காது. அங்கே வந்துவிடச் சொல்லி நீ அனுப்பிய பிளேன் ரிக்கெட்டை இதற்குள் மடித்து வைத்திருக்கிறேன். கோபிக்காதே. வெயில் காலத்தில் இரண்டு பேரும் வாருங்கள், குசினிக்குப் புதுக் கடதாசி ஒட்ட எனக்குக் கை எட்டாது.

இரண்டு பேரும் எந்தக் குறையும் இல்லாமல் நீடூழி வாழவேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு, காரை மெதுவாக ஓட்டு. இன்னொன்று, இனி என் சுகத்தைச் சிவபாதம் அண்ணையிடம் கேட்காதே. எனக்கும் போன் இருக்கிறது, அடித்தால் நான்தான் எடுப்பேன்.

இப்படிக்கு,
இந்த வீட்டுக்காரி,
உன் அம்மா
யோகராணி தியாகலிங்கம்