ஆளில்லாத கோலில் அடித்த பந்து

நீ பொய் சொன்னாய். லீக் கமிட்டியின் முன்னால் நின்று, நம் சாலைக் கடைத்தெரு டீம் முந்தின நாள் மைதானத்துக்கு வந்தது உனக்குத் தெரியாது என்றாய். நீயே அன்று வரவில்லை என்றாய். அந்தப் பொய்யால் எங்கள் கைக்கு எட்டவிருந்த கப்பு போயிற்று. ஓடிப்போனவர்கள் என்ற பெயர் வந்தது. நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். பெயர் இங்கேயேதான் இருக்கிறது.

இன்று காலை உன் மகன் கடைக்கு வந்தான். கையில் ஒரு புதுப் பந்து. தையல் ஊறாமல் இருக்கக் கொழுப்புத் தடவியிருந்தான். கல்லாப்பெட்டியின் மேல் அதை வைத்ததும், ஆணியும் எண்ணெயும் மணக்கிற என் இரும்புக் கடையில் அந்தப் பழைய நாற்றம் எழுந்தது.

"பெரியப்பா, அப்பா பேர்ல கப்பு ஒண்ணு தொடங்கப் போறோம், கேட்டோ. மொத உதை நீங்கதான் உதைக்கணும். மலர் போடுதோம், அதுல அப்பாவப் பத்தி நாலு வரி எழுதியும் தரணும்" என்றான்.

அவனிடம் எனக்குக் கோபம் இல்லை. எழுதித் தருகிறேன் என்றேன். நாலு வரியில் அடங்காது.

அந்த வருஷத்து லீக்கை உன் மகன் பார்த்ததில்லை. ஓணம் கழிந்து தொடங்கினால் கார்த்திகை வரை ஆட்டம். மூட்டை தூக்குகிறவன், தராசு பிடிக்கிறவன், துணிக்கடையில் முழம் போடுகிறவன், இவர்கள்தான் நம் டீம். கடைக்குள் முழு வேலையும் முடித்துவிட்டு, காலில் துணி சுற்றிக்கொண்டு வெறுங்காலோடு ஆடினோம். எதிரே ஆபீஸ் டீம். பந்தடிக்கத் தெரிந்தவனை எங்கிருந்தாவது கூட்டிவந்து குமாஸ்தா என்று நாற்காலி போட்டுக் கொடுப்பார்கள். அவன் பேனாவைத் தொட்டு யாரும் பார்த்ததில்லை. தேசம் முழுக்கச் சம்பள ஆட்டக்காரர்களை வைத்து லீக் நடத்தவேண்டும் என்று இப்போது பையன்கள் பேசிக்கொள்கிறார்கள். சம்பள ஆட்டம் அன்றே இருந்தது. வெளியே சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

நான் கோலி. முப்பது தாண்டியவனைக் கோலில் நிறுத்தியிருக்கிறார்கள் என்று கூட்டம் சிரிக்கும். "அம்மாவா, வடி வேணோ?" என்று கிழட்டு மாமனைக் கூப்பிடுவதுபோல் ஊன்றுகோலை நீட்டிக் காட்டுவார்கள். பந்து உள்ளே போகாததால் அவர்களே பிறகு வாயை மூடிக்கொண்டார்கள். செல்லையா வலது ஓரம் ஆடினான். அரிசி மூட்டை சுமந்த அந்தக் கால்கள் ஓடுவதைப் பார்க்கவே ஆபீஸ்காரர்களும் வருவார்கள். நீ நடுவில் ஆடினாய். பள்ளிக்கூடம் முடித்த பலசரக்குக் கடைப் பிள்ளை, தலைமைக் கச்சேரி ஆபீசில் தற்காலிக குமாஸ்தா. நான் கடைப் பலகைகளில் எழுதியிருந்ததைப் பார்த்துப் பார்த்துப் படிக்கக் கற்றவன். ஆகவே நீதான் காப்டன். நோட்டீசு வந்தால் நீதான் படித்துச் சொல்வாய்.

கடைசி ஆட்டத்துக்கு நாமும் ஆபீஸ் டீமும் சமமாக நின்றோம். ஜெயிக்கிறவனுக்குக் கப்பு. நோட்டீசில் மலையாளக் கணக்கில் விருச்சிகம் பத்து என்று இருந்தது. விருச்சிகம் என்றால் நமக்குக் கார்த்திகை. நீ கடைப் பலகையில் சாக்கட்டியால் 'கார்த்திகை பத்து சாயங்காலம்' என்று எழுதினாய். அநேக மாதங்களில் இரண்டு கணக்கும் ஒன்றாகத்தான் போகும். அந்த மாதம் போகவில்லை. மாதம் பிறக்கும் நேரம் பிற்பகலில் விழுந்தால் நம் பஞ்சாங்கம் அன்றைக்கே ஒன்றாம் தேதி போடும். மலையாளக் கணக்கு மறுநாள்தான் போடும். கடைச் சுவரில் தொங்கிய திருநெல்வேலிக் காலண்டரை நம்பி, ஒரு நாள் முன்னதாகவே மைதானத்துக்குப் போய்விட்டோம். அந்தத் தவறுக்காக உன்னை ஒரு நாளும் நான் குறை சொன்னதில்லை. வீட்டில் ஒரு தேதி, ஆபீசில் ஒரு தேதி என்று வாழ்கிற நம்மில் எவனுக்கும் அது வரும்.

மைதானத்தில் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

"விசில் ஊதுற ரெப்ரியக்கூடக் காணோமே தம்பி?" என்று கேட்டேன்.

"ரெப்ரியும் அவனுவ ஆபீஸ்தானே அண்ணாச்சி. சேந்து பயந்துட்டானுவ" என்றாய். செல்லையா விழுந்து விழுந்து சிரித்தான்.

நேரமாகியும் எதிராளி வராவிட்டால், வந்தவர்கள் பந்தை நடுவில் வைத்து ஆளில்லாத கோலில் அடித்துவிட்டால் ஜெயித்ததாகக் கணக்கு. அதுதான் அன்றைய வழக்கம். நீதான் அடித்தாய். அப்போது வேலியை ஒட்டிக் கமிட்டி செக்ரட்டரி குடையோடு நடந்து போனார். உன் ஆபீசில் உனக்கு மேலதிகாரியும் அவர்தான். நின்று பார்த்தார், நீ கும்பிட்டாய். உதட்டோரம் சிரித்துக்கொண்டே போய்விட்டார். நாளைக்குத்தான் ஆட்டம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

மறுநாள் காலை செல்லையா போனக்காட்டு எஸ்டேட்டுக்குக் கிளம்பினான். அங்கே தேயிலை கிள்ளுகிற அக்காளிடம் ஜெயித்த சேதியைச் சொல்லவேண்டும் அவனுக்கு. வித்துரா வரை வண்டி, பிறகு மலைப்பாதையில் நடை. நீ ஆபீசுக்குப் போனாய். சாயங்காலம் மைதானத்துப் பக்கமிருந்து சத்தம் கேட்டதும் கடையில் போட்டது போட்டபடி ஓடினேன். சாலையின் திருப்பத்தில் வரும்போதே தெரிந்தது. கூட்டம் நிறைந்திருந்தது. ரெப்ரி ஊதினார். அவர்களுடைய சம்பளக்காரன் ஒருவன், நடந்தே போய், நான் நிற்கவேண்டிய கோலுக்குள் பந்தை உருட்டிவிட்டான். தடுக்க ஆளில்லாத என் கோலை நான் தெருவில் நின்று பார்த்தேன்.

முறையிட்டோம். முந்தின நாள் வந்து நின்றது உண்மையானால் ஆட்டத்தை மறுபடி வைக்கலாம் என்று கமிட்டியில் இரண்டு பேர் சொன்னார்கள். செக்ரட்டரி உன்னைப் பார்த்தார். "நீயல்லே காப்டன்? பறயு. தலேந்நு உங்க ஆளுகள் வந்நோ?"

நான் உன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். உன் சட்டை என் கையில் உரசியது.

"எனிக்கு அறிஞ்ஞூடா சார். ஞான் வந்நில்ல" என்றாய்.

தெரியாதாம். வரவே இல்லையாம். கோலில் பந்தை அடித்த கால் உன்னுடையது.

அந்த மாதமே உன் வேலை நிரந்தரமானது. மறுவருஷம் லீக்கில் எங்களைச் சேர்க்கவில்லை. ஆட்டம் போனது தெரியாமலே செல்லையா மலையிலிருந்து எல்லோருக்குமாக ஒரு பொட்டலம் தேயிலையோடு இறங்கி வந்தான். பஸ்ஸை விட்டு இறங்கியதும், "ஓடிப்போயிட்டு வந்துட்டான்டே" என்று சாலையே கூவியது. அதற்குப் பிறகு அவன் பந்தைத் தொடவில்லை. இன்றைக்கும் யாராவது வாக்குத் தவறினால் 'சாலை டீம்' என்கிறார்கள். ஏன் என்று சொல்கிறவனுக்கே தெரியாது.

பிற்பாடு நீ வண்டியில் போகும்போது என் கடையைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாய். ஒரே ஒரு தடவை, மகன் கல்யாணத்துக்கு அழைக்க வந்தாய். "பழசெல்லாம் விடுங்க அண்ணாச்சி, வெறும் களியல்லே அது?" என்றாய். வெறும் விளையாட்டு என்றால், கமிட்டிக்குப் போய் உண்மையைச் சொல்ல உனக்கு என்ன செலவு? அன்றே கேட்டேன். வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாய். கல்யாணத்துக்கு நான் வரவில்லை. உன் சாவுக்கும் வரவில்லை. வருத்தப்படவும் இல்லை.

நீ நல்ல ஆட்டக்காரன். அதை மறைக்கமாட்டேன். உன் காலிலிருந்து கிளம்பிய பந்து செல்லையாவின் காலுக்குப் போய்ச் சேரும் வழி எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அதனால்தான் பொறுக்கவில்லை.

இனி ஆகவேண்டியது இது. இந்த மடலை உன் மகன் ஒரு வரி குறைக்காமல் மலரில் போடவேண்டும். போட மனமில்லை என்றால் பந்தை என் கடையிலிருந்து எடுத்துக்கொண்டு போகட்டும். கமிட்டி அந்த வருஷத்துக் கப்பில் இருக்கிற ஆபீஸ் டீம் பெயரைச் சுரண்டி, ஆட்டம் நடக்கவில்லை என்று பொறிக்கவேண்டும்; எங்கள் பெயரைப் பொறிக்கச் சொல்லவில்லை. செக்ரட்டரி இன்னும் உயிரோடுதான் இருக்கிறார், குடையோடுதான் நடக்கிறார். அன்று வேலியோரம் நின்று யாரைப் பார்த்தார் என்று கூட்டத்தில் எழுந்து சொல்லவேண்டும். முதல் உதை என்னுடையது அல்ல, செல்லையாவுடையது; அவனை அழைத்துவர உன் மகன் நேரில் போகவேண்டும். அவன் உதைக்கும்போது நான் கோலில் நிற்பேன்.